சாதா மருந்தும் லிவர் மருந்தும்

எந்த மருந்து போட்டு ஸ்கேன் எடுக்கலாம்னு என்கிட்டயா கேக்கிய? கேளுங்கக்கா, நல்லாக் கேளுங்க. இந்த ஹால்ல அதப்பத்தி என்னைய விடத் தெரிஞ்ச ஆளு கெடையாது. கவுண்டர்ல இருக்க பிள்ளைகிட்ட கேட்டா, "டாக்டர் எழுதுனதத்தான் போடுவோம், போய் உக்காருங்க"ன்னு சொல்லும். அதுக்கு வேற என்ன தெரியும், பாவம். நீங்க இங்கன உக்காருங்க. என் பைய நான் எடுத்துக்கிடுதேன்.

உங்க வீட்டுக்காரருக்கா? கல்லீரலா? ம்.

எங்க அண்ணனுக்கும் அதுதான். உள்ளதான் இருக்காரு. இப்பத்தான் கூட்டிட்டுப் போனாவ. சட்டைய மாத்தி, மோதிரம் அர்ணாக்கொடி எல்லாம் கழட்டி வாங்கிட்டு, கையில ஊசி சொருகி, அப்புறந்தான் மிஷினுக்குள்ள தள்ளுவாவ. நேரமாகும். ஆரம்பிச்சிட்டா அந்தக் கதவுக்கு மேல செவப்பு லைட்டு எரியும். எனக்கு இந்தத் தூணு மறைக்கு. எரிஞ்சா சொல்லுங்கக்கா, மறந்துராதிய.

ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு சாதா மருந்து. அது ரத்தத்துல கலந்து ஓடும். கட்டி இருந்தா அங்க விறுவிறுன்னு ஏறி வெள்ளையாத் தெரியும், அப்புறம் விறுவிறுன்னு வடிஞ்சிரும். ஏறி வடியிற நேரத்துக்குள்ள படம் பிடிச்சிறணும். இன்னொண்ணு லிவர் மருந்து. நல்ல கல்லீரல் அத உள்ள இழுத்து வச்சிக்கிடும். வச்சிக்கிட்ட எடமெல்லாம் கொஞ்சம் கழிச்சு வெள்ளையாயிரும். புத்துநோய்க் கட்டிக்கு அந்தச் சத்து கெடையாது, அது மட்டும் கருப்பா நிக்கும். பயறு கணக்கா ஒண்ணு ஒளிஞ்சி கெடந்தாக்கூடக் காட்டிக் குடுத்துரும். இதெல்லாம் எங்க டாக்டரம்மா பேப்பர்ல வரைஞ்சி காட்டிச் சொன்னது.

அப்ப லிவர் மருந்துதானே நல்லதுன்னு தோணும். எனக்கும் அப்பிடித்தான் தோணிச்சி. போடாதிய. நான் சொல்லுதேன் கேளுங்க, அத மட்டும் போடாதிய. அது மூச்சப் பிடிக்க விடாது. மூச்சப் பிடிக்கலன்னா படம் கலங்கிரும். படம் கலங்குனா டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் தெரியாட்டி அவ்வளவுதான், போயிட்டு. ஒரு உசுரு போயிட்டு.

கோவிச்சிக்கிடாதிய, சத்தமாப் பேசிட்டேன். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. அண்ணன் வெறும் வயித்தோட வரணும்னு சொன்னாவ, நானும் சாப்பிடல. இட்லி வாங்குனேன், எறங்கல.

நாங்க தூத்துக்குடி. சங்கு குளிக்கிற ஆளுவ. எம் பேரு இஞ்ஞாசி, அண்ணன் பேரு கஸ்பார். போட்டுல காத்து மிஷின் ஓடும், அதுலருந்து நீளமா ஒரு குழாய். அண்ணன் அந்தக் குழாய வாயில கடிச்சிக்கிட்டுக் கீழ எறங்குவாரு, நான் மேல குழாயப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். வெளியில இருந்து பாக்கவனுக்கு, குதிக்கவன்தான் வேலை செய்யிதான், மேல நிக்கவன் சும்மா நிக்கான்னு தோணும். அப்பிடி இல்லக்கா. அண்ணன் ஒருதடவ சுண்டுனா இன்னும் குழாய் விடணும். விடாம சுண்டுனா தூக்கணும். அதுபோக அவரு விடுத மூச்சு குமிழி குமிழியா மேல வரும். அதப் பாத்துக்கிட்டே இருக்கணும். குமிழியப் பாத்தே கீழ அண்ணன் சங்கக் கண்டுட்டாரா, மண்ணத் தடவிக்கிட்டு இருக்காரான்னு நான் சொல்லிருவேன். கலியாணம் ஆகுததுக்கு முன்னாலயே இந்த வேலதான், அக்கா. அண்ணன் மூச்ச எனக்குத் தெரியுத மாதிரி எங்க மதினிக்குக்கூடத் தெரியாது. கேலியாச் சொல்லுவேன், மதினியும் சிரிக்கும்.

குடிக்க மாட்டாரு. அத மொதல்லயே சொல்லிறணும், ஏன்னா கல்லீரல்னு சொன்னவுடனே எல்லாரும் கட்டைவிரலத் தூக்கிக் காட்டி "தண்ணியா?"ன்னு கேக்கான். ஒரு சொட்டு தொட்டதில்ல. எப்பவோ ஏதோ ஊசியில வந்த மஞ்சக்காமாலைக் கிருமி, சத்தமில்லாம உள்ள இருந்து கல்லீரலக் கெடுத்துருக்கு. என்னையும் சோதிச்சாவ. எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமே இல்லக்கா. அவரு தண்ணிக்குள்ள கெடந்து சம்பாதிச்சாரு, நான் மேல காத்து வாங்கிக்கிட்டு நின்னேன். வந்தது அவருக்கு.

மொத ஸ்கேன் ஊர்லயே எடுத்தது. சாதா மருந்து. அங்க இருந்த பையன் மைக்குல "மூச்ச இழுங்க... விடுங்க... நிறுத்துங்க"ன்னு சொல்லுவான். வெளியில விட்டுட்டு நிறுத்தச் சொல்லுதான் பாருங்க! எங்க ஆளுவ எவனாவது காத்த வெளிய விட்டுட்டு நிறுத்துவானா? சாவுததுக்கா? ஆனாலும் அண்ணன் நிறுத்துனாரே. அப்பிடியே கல்லு மாதிரி நிறுத்துனாரு. அந்தப் பையன் வெளிய வந்து, "இவர மாதிரி மூச்சடக்குத ஆள நான் பாத்ததே இல்ல"ன்னான். எனக்குப் பெருமை தாங்கல. புத்துநோய் இருக்கான்னு பாக்க வந்த எடத்துல பெருமைப்பட்டுக்கிட்டு நிக்கேன், கூறுகெட்டவன்.

அந்தப் படத்துல ஒரு கட்டி தெளிவா இருந்துச்சி. பக்கத்துலயே இன்னொண்ணு, இருக்கு இல்லன்னு ஒரு நெழல் மாதிரி. மருதை ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுட்டாவ.

இங்க டாக்டரம்மா நல்லவியதான். பொறுமையா உக்காந்து பேசுனாவ. "கல்லீரல் மொத்தமும் சுருங்கிட்டு, கட்டிய மட்டும் வெட்டி எடுத்தாத் தாங்காது, கல்லீரலையே மாத்தணும். கூடப்பெறந்தவங்க பாதி குடுக்கலாம்"ன்னாவ. அவிய வாய மூடுததுக்குள்ள நான் சொல்லிட்டேன், என்கிட்ட எடுங்கன்னு. யோசிக்கவே இல்லக்கா. யோசிக்க அதுல என்ன இருக்கு? ரத்தமும் ஒரே குரூப்பு.

பயமா? எனக்கு என்ன பயம். நீங்க வேற.

அண்ணன்தான் கேள்வி மேல கேள்வி கேட்டாரு. "இவன்கிட்ட எவ்வளவு வெட்டுவிய?"ன்னாரு. பாதிக்கு மேல எடுப்போம், ரெண்டு பேருக்கும் அது வளந்துரும்னாவ. "குடுத்தவன் செத்தும் போயிருக்கானா?"ன்னாரு. டாக்டரம்மா மறைக்கல. "ரொம்ப அபூர்வமா, ஆமா"ன்னாவ. பஸ்ஸுல வாற வழியில எட்டயபுரம் பக்கம், திடீர்னு, "பிரின்சிக்கும் சின்னவளுக்கும் ஸ்கூல் எப்ப தெறக்குலே?"ன்னு கேக்காரு. என் பிள்ளையள்தான், ரெண்டும் சின்னது. நான் பயந்தே போயிட்டேன். கல்லீரல் கெட்டா புத்தி கொஞ்சம் தடுமாறும், சம்பந்தமில்லாமப் பேசுவாவன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாவ. சரி, ஆரம்பிச்சிட்டுன்னு நெனச்சேன்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். கட்டி ஒண்ணு ரெண்டு, அதுவும் சின்னதா இருந்தா மாத்தலாம். அதுக்கு மேல பரவிட்டுன்னா, தம்பி கல்லீரலக் குடுத்தும் பிரயோசனமில்ல, புதுசுலயும் போய் ஒட்டிக்கிடும். அதனால அந்த நெழலு என்னன்னு தெரியணும், வேற எங்கயும் பயறு கணக்கா இருக்கான்னு தெரியணும். லிவர் மருந்து போட்டு எடுத்துட்டு வாங்க, படம் சுத்தமா இருந்தா ஆப்பரேசன் கமிட்டியில வச்சிருவோம்னாவ. அதுதான்க்கா நாங்க கேக்கது. ஒரு சுத்தமான படம். வேற ஒண்ணும் கேக்கல.

லைட்டு எரியல்லல்ல? சரி.

லிவர் மருந்து போட்டு எடுத்த அன்னைக்கி நான் இதே நாற்காலியிலதான் இருந்தேன். உள்ள இருந்து டெக்னீசியன் வெளிய வந்து தலைய ஆட்டுதான். "மூச்சப் பிடிக்க மாட்டேங்காரு, படம் பூரா கலங்கிட்டு"ங்கான். எங்க அண்ணனா? கஸ்பாரா? எனக்கு வந்துச்சே கோவம். "தம்பி, அவரு யாருன்னு தெரியுமா? நீ பொறக்குததுக்கு முன்னால இருந்து கடலுக்கடியில மூச்சோட வெளையாடுத மனுசன்"ன்னு சத்தம் போட்டேன். நாலு பேரு பிடிச்சி உக்கார வச்சாவ. அண்ணன் வெளிய வந்தாரு. என்னண்ணேன்னு கேட்டேன். "மூச்சு முட்டுதுலே"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. என் மூஞ்சியப் பாக்கல.

டாக்டரம்மாகிட்ட ஓடுனோம். அவியளே சொன்னாவக்கா, அவிய வாயால சொன்னாவ: "அந்த மருந்து ஏறும்போது சில பேருக்குக் கொஞ்ச நேரம் மூச்சு தடுமாறும்"னு. கேட்டியளா? இது போதாதா? நான் அப்பவே பிடிச்சிக்கிட்டேன். சாதா மருந்துல கல்லு மாதிரி நின்ன மனுசனுக்கு இதுல முட்டுதுன்னா குத்தம் எங்க இருக்கு? மருந்துலதானே இருக்கு? "அந்தத் தடுமாற்றம் கொஞ்ச நேரத்துல போயிரும், கடைசியா எடுத்த படங்க கூட கலங்கியிருக்கே"ன்னு டாக்டரம்மா இழுத்தாவ. நான் விடல. சாதா மருந்தே போடுங்க, சாதா மருந்தே போடுங்கன்னு அவிய மேசையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். மயக்கம் குடுத்து எடுங்கன்னும் கேட்டுப் பாத்தேன், அவரு கல்லீரலு இருக்க நெலமைக்கு அது வேண்டாம்னுட்டாவ. கடைசியில, சரி, சாதா மருந்துலயே இன்னொரு தடவ பாப்போம், கட்டி வளந்துருக்கான்னாவது தெரியும்னு எழுதிக் குடுத்தாவ.

அதுக்கெடையில ஊருல ஒவ்வொரு நாளும் எப்பிடிப் போச்சின்னு எனக்குத்தான் தெரியும். கட்டி வளந்துக்கிட்டே இருக்கு, நாம சும்மா உக்காந்துருக்கோம். நான் எனக்கு இருந்த வேலைகள முடிச்சிக்கிட்டேன். முன்னெச்சரிக்கைதான், வேற ஒண்ணுமில்ல. பிள்ளையளக் கூட்டிட்டுப் போய் ஸ்டூடியோவுல ஒரு போட்டோ எடுத்தேன். என் பொண்டாட்டி ஜெசிந்தாகிட்ட, நம்ம போட்ட விக்கதா இருந்தா யாருக்கு விக்கணும், யாருகிட்டப் போயிறக் கூடாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சேன். அவ அழுதா. ஏட்டி, அழுவாம இரு, எனக்கென்ன ஆவப்போவுதுன்னு அவளுக்கு ஒரு சத்தம். வெளிய வந்தா அண்ணன் வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு நிக்காரு. காதுல விழுந்துருக்காது. விழுந்தாலும் என்ன, நான் தைரியமாத்தானே பேசுனேன். அன்னைக்கி மாதா கோயில்லயும் அப்பிடித்தான், பூசை நடக்கும்போதே வெளிய வந்து சுவரப் பிடிச்சிக்கிட்டு வாந்தி எடுத்தேன். வெயிலு. வெறும் வயிறு. அண்ணன் வந்து முதுகத் தடவிக் குடுத்தாரு. "பயமா இருக்காலே?"ன்னு கேட்டாரு. "எனக்கென்ன பயம், உனக்கு வேணும்னா முழுசாவே எடுத்துக்கோ"ன்னேன். சிரிச்சேன். அவரு சிரிக்கல.

என்னக்கா பாக்கிய? கையா? ஆமா, வலது பக்கம் விலாவுலயே வச்சிருக்கேன்ல. பழக்கமாயிட்டு. ஜெசிந்தாவும் சொல்லுதா. வலி ஒண்ணுமில்ல, சும்மா அது பாட்டுக்குக் கை அங்க போயிருது.

சாதா மருந்து போட்ட அன்னைக்கி டெக்னீசியன் காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சி அவன் ரூமுக்குள்ள நின்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினு, அண்ணன் கால் மட்டும் தெரியுது. இந்தப் பக்கம் டிவி. டிவியில ஒரு ஓரமா கோடு ஒண்ணு ஓடுது. என்னன்னு கேட்டேன். வயித்துல பெல்ட்டு கட்டியிருக்காவளாம், மூச்சு விட்டா கோடு ஏறி எறங்கும், நிறுத்துனா நேரா ஓடும். எனக்கு ஒரே சந்தோசம். குமிழியப் பாக்க மாதிரியே இருந்துச்சி. அண்ணன் மூச்ச மறுபடியும் கண்ணால பாக்கேன்.

"நிறுத்துங்க"ன்னான். கோடு நேரா போச்சி. போகுது, போகுது, நான் உள்ளுக்குள்ள வேண்டுதேன். அப்புறம் லேசா ஒரு மேடு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. போச்சி, படம் கலங்கிட்டு. விட்டுட்டு நிறுத்தச் சொல்லுததுனாலதான்னு சொல்லி, இழுத்துட்டு நிறுத்தச் சொல்லிப் பாத்தான். அதுலயும் அப்பிடியே, மேடு மேடு மேடு. டெக்னீசியன் என்னையத் திரும்பிப் பாத்து, "அண்ணாச்சி, இன்னும் மருந்தே ஏத்தல. இப்பவே இப்பிடி"ங்கான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஏசிக் குளிருன்னேன். அந்தக் காதுல மாட்டுத மிஷினு சரியில்லன்னேன். நீ சொல்லுதது அவருக்கு வெளங்கலன்னேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். பின்ன என்ன சொல்ல? ஒரு காரணம் வேணுமே.

அதோட இது கடைசிக்கா. சாதா மருந்துல அந்த நெழலு என்னன்னு தெரியாதுன்னு டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாவ. இன்னைக்கி லிவர் மருந்து போட்டு எடுக்கது சரியா வரணும். வரலன்னா கமிட்டியில ஒத்துக்க மாட்டாவ, கட்டி எவ்வளவுன்னு தெரியாம உசுரோட இருக்கவன் கல்லீரலப் பாதி வெட்டி எடுக்க முடியாதுன்னுருவாவ. கட்டி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது இஞ்ஞாசின்னு பேரச் சொல்லிச் சொன்னாவ. என்னால உக்கார முடியல. நிக்க முடியல. எல்லாச் சாமியையும் கூப்பிட்டாச்சி. காலையில மாட்டுத்தாவணியில எறங்கும்போது அண்ணன் கையப் பிடிச்சி, இன்னைக்கி மட்டும் எப்பிடியாவது அடக்கிருண்ணேன்னு கேட்டேன். தலையத் தடவுனாரு. சின்னப் பிள்ளையத் தடவுத மாதிரி தடவுனாரு. அடக்குதேன்னு சொல்லலக்கா. சொல்லவே இல்ல.

என்ன கேட்டிய?

மருந்து ஏறுததுக்கு முன்னாலயே மூச்சு விட்டாருன்னா அதுக்கு மருந்து என்ன செய்யும்னா?

அது... குளிருன்னு சொன்னேன்ல. சரி, குளிரு இல்ல. மொத தடவையும் குளிருதானே. சாதா மருந்து, மொத தடவ நின்னாரு, இந்தத் தடவ நிக்கல. அதே மருந்து. அதே மனுசன். ஆமா, அதே மருந்துதான். நடுவுல என்ன மாறிச்சின்னா கேக்கிய? என்ன மாறிச்சி... ஒண்ணும் மாறல. நான் குடுக்கேன்னு சொன்னேன். அது ஒண்ணுதான்.

இருங்க.

இருங்கக்கா, பேசாதிய, ஒரு நிமிசம்.

முன்னால ஒரு தடவ காத்துக் குழாய் மடங்கிட்டு. கீழ அண்ணனுக்குக் காத்து இல்ல. அன்னைக்கிக் குமிழி எப்பிடி வந்துச்சின்னு எனக்கு இன்னும் கண்ணுல நிக்கு. கொத்தா, ஒரே அடியா பொங்கிட்டு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. மூச்சு முட்டுனா அப்பிடித்தான் இருக்கும். மனுசன் அள்ளி அள்ளி இழுப்பான். டிவியில நான் பாத்தது அது இல்லக்கா. சின்னச் சின்ன மேடு. ஒரே அளவு. ஒரே எடவெளி. அண்ணன் சங்கக் கண்டுட்டு, அவசரமில்லாம மண்ணுல இருந்து பிடுங்கும்போது விடுவாரே, அந்த மூச்சு. நிம்மதியா இருக்க மூச்சு. அத நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்குத் தெரியாத மூச்சா அது? பாத்துட்டு, ஏசிக் குளிருன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்.

முட்டல. அவருக்கு முட்டவே இல்ல.

ஸ்கூல் எப்ப தெறக்குன்னு கேட்டாரே... ஐயோ. வாசல்ல செருப்போட நின்னாரே. காதுல விழுந்துருக்கு. எல்லாம் விழுந்துருக்கு. படம் கலங்குனா நாள் போகும், நாள் போனா டாக்டரே வேண்டாம்னுருவாவ, இவன் வயித்துல கத்தி படாதுன்னு கணக்குப் போட்டுட்டாரு. வாய்விட்டு வேண்டாம்னா நான் விடமாட்டேன்னு தெரியும். அதான் சத்தமில்லாமச் செய்யிதாரு. எனக்கென்ன பயம், எனக்கென்ன பயம்னு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அவருகிட்ட எத்தன தடவ சொன்னேன், கேக்கக் கேக்க அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கை இங்கயே இருக்கே. உங்களுக்கே தெரியுதே. கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சிட்டே!

லைட்டு? எரிஞ்சிட்டா? எப்ப? இப்பத்தானா?

அக்கா, இந்தப் பையப் பாத்துக்கிடுங்க. அவரு மோதிரம் அதுலதான் இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் எந்த மருந்து எழுதியிருக்காரோ அதையே போடுங்க. நான் சொன்னதையெல்லாம் விட்டுருங்க. மருந்து மேல ஒரு குத்தமும் இல்ல.

தம்பி! தம்பி, கதவத் தொறங்க. மருந்து போட்டாச்சா? போடல்லல்ல? போடாதிய, நில்லுங்க. அந்த மைக்க ஒரே ஒரு நிமிசம் குடுங்க. என்னைய வெளிய தள்ளாதிய தம்பி, உங்களுக்கு வேண்டியது சுத்தமான படம்தானே, நான் வாங்கித் தாரேன். இதுக்குப் பெறகு வராட்டி என்னைய அடிச்சி வெரட்டுங்க. குடுங்க. எங்க அமுக்கணும்? இங்கயா?

அண்ணே. நான்தான் இஞ்ஞாசி.

அசையாத, படுத்துக்கிட்டே கேளு. எனக்குத் தெரிஞ்சிட்டுண்ணே. நீ மூச்ச விடுதது முட்டி விடுதது இல்ல. யாருகிட்ட மறைக்க? இத்தன வருசமா உன் மூச்ச மட்டும் பாத்துக்கிட்டுத்தானே நான் சோறு தின்னேன்.

என்னது? கேக்கலண்ணே, சத்தமாச் சொல்லு... ஆமா. ஆமாண்ணே. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. டாக்டரம்மா சொன்ன அன்னையிலருந்து ஒரு வாய் சோறு எறங்கல. வெயில்ல வாந்தி எடுக்கல, பயத்துல எடுத்தேன். பொய் சொன்னேன். செத்துருவனோன்னு இருக்கு, பிள்ளையள் என்ன ஆவும்னு இருக்கு. எல்லாம் இருக்கு. இருந்தாலும் தாரேன். பயந்துக்கிட்டேதான் தாரேன், வாங்கிக்கோ.

உன்னக் கீழ விட்டுட்டு என்னைக்காவது நான் கரைக்கு வந்துருக்கனா? இன்னைக்கி மட்டும் வரச் சொல்லுதியே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மதினி முன்னால போய் நிப்பேன்? உனக்கு எம் பிள்ளையள் நெனப்பு இருக்கு. அதுவளுக்குப் பெரியப்பா வேண்டாமா? நீ சொல்லு. வேண்டாமா?

அழாதண்ணே. அழுதா வயிறு குலுங்கும், படம் கலங்கிரும். நானும் அழல. சரி, அழுதேன், நிறுத்திட்டேன். நீயும் நிறுத்து.

தம்பி, கோட்ட எனக்குக் காட்டுங்க. அந்த வார்த்தைய நானே சொல்லுதேன். நீங்க படத்தப் பிடிங்க.

அண்ணே, குழாய் என் கையிலதான் இருக்கு. இப்ப இழு.

விடு.

நிறுத்து.